கொலையைத் தடுத்த கூட்டுப்பணி: பாஸ்டன் நகரம் அளிக்கும் படிப்பினை

கொலை நடந்த பின்னர்க் கொலையாளியைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பது அரசின் கடமை. இதனை மறுப்பார் எவருமிலர். ஆயின், கொலை நிகழா வண்ணம் முன்னரே தடுக்க இயலுமா? இயலுமாயின் அதனைச் செய்ய வேண்டியவர் யாவர்? போலீசாரா? சமயத் தலைவரா? பெற்றோரா? அக்கம்பக்கத்தாரா? இவ்வினாக்களுக்கு வெறும் அறவுரையால் விடை காண்பது அரிது. இவற்றை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஒரு நகரத்தின் வரலாற்றை ஆராய்ந்தால் விடை தெளிவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் பாஸ்டன் அத்தகையதொரு நகரம். அதன் அனுபவத்தை இப்பாடத்தில் பயில்வோம்.

முதற்கண் ஒரு விளக்கம் தேவை. அமெரிக்காவில் துப்பாக்கி எளிதில் கிடைக்கும் பொருள். 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். இவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டவர்கள். 20,958 பேர் பிறரால் கொலையுண்டவர்கள். தற்கொலையைத் தடுக்கும் வழி வேறு. அது தனியே ஆராயத்தக்கது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது கொலையை. அதிலும், நகரத் தெருக்களில் இளைஞர் இளைஞரைச் சுட்டுக் கொல்லும் கொடுமையை மட்டுமே ஆராய்கின்றோம்.

1. நோயின் நிலை

1980-களின் பிற்பகுதியில் 'கிராக்' என்னும் மலிவான போதைப்பொருள் பாஸ்டன் நகரத்துள் புகுந்தது. அதனை விற்ற இளைஞர் கைகளில் துப்பாக்கியும் ஏறியது. 1987-ஆம் ஆண்டில் அந்நகரில் கொலையுண்டவர்களுள் 24 வயதும் அதற்குட்பட்டவரும் 22 பேர். மூன்றே ஆண்டுகளில், 1990-இல், அத்தொகை 73 ஆயிற்று. எல்லா வயதினரையும் சேர்த்து அவ்வாண்டு கொலையுண்டோர் 152 பேர். ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மாட்டப்பன் என்னும் பேட்டைகளே பெரிதும் துன்புற்றன. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள்; வறுமையும் வேலையின்மையும் மிகுந்த பகுதிகள் அவை.

போலீசார் வாளாவிருந்தனர் என்பதற்கில்லை. கண்ட இளைஞரையெல்லாம் தெருவில் நிறுத்திச் சோதித்தனர். விளைவு யாது? கொலை குறையவில்லை, போலீசார் மீது மக்கள் கொண்ட வெறுப்பே வளர்ந்தது. 1989 அக்டோபரில் நிகழ்ந்த ஒன்று இதற்குத் தக்க சான்று. கருவுற்றிருந்த வெள்ளையினப் பெண் ஒருத்தி காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டாள். உடனிருந்த கணவன், கறுப்பர் ஒருவரே சுட்டதாகக் கூறினான். அச்சொல்லை நம்பிய போலீசார் மிஷன் ஹில் பகுதியிற் புகுந்து, கறுப்பின இளைஞரைத் தெருவிலேயே நிறுத்தி உடைகளைக் களையச் செய்து சோதித்தனர். குற்றமற்றவர்கள் சந்தேகத்திற்காளாயினர். 1990 ஜனவரியில் அக்கணவன் மீதே ஐயம் திரும்பியது. அவன் பாலத்திலிருந்து குதித்து உயிர் மாய்த்துக்கொண்டான். நகரத்தின் சார்பில் மேயர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது 2023 டிசம்பரில்தான். அதாவது முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

ஒருவன் மேல் எழுந்த ஐயத்திற்காக ஒரு குடியிருப்பு முழுவதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படும்போது அம்மக்களின் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை நம் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய இடத்தில் கொலையைக் கண்ணாற் கண்டவரும் சாட்சி சொல்ல முன்வாரார். சாட்சியில்லையேல் வழக்கு நில்லாது. வழக்கு நில்லாதவிடத்தில், இறந்தவனின் தோழர் தாமே பழிவாங்கப் புறப்படுவர். இவ்வாறு அவநம்பிக்கையே அடுத்த கொலைக்கு வித்தாயிற்று.

2. காரணத்தை ஆராய்தல்

நோயின் மூலத்தை அறியாது மருந்து கொடுத்தல் பயன் தராது. 1995-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கென்னடி, ஆன் பீல், அந்தோணி பிராகா ஆகிய மூவரும் போலீசாருடனும் பிற அலுவலருடனும் அமர்ந்து இந்நோயின் மூலத்தை ஆராயத் தொடங்கினர். அவர்கள் கையாண்ட முறை எளியது. 1990 முதல் 1994 வரை துப்பாக்கியாலோ கத்தியாலோ கொல்லப்பட்ட, 21 வயதும் அதற்குட்பட்டவருமான 155 பேரின் பட்டியலை எடுத்துக்கொண்டனர். அந்தந்தப் பேட்டையை நன்கறிந்த போலீசாரையும், நன்னடத்தை அலுவலரையும், வீதித் தொண்டரையும் ஒருங்கே அமரச் செய்து, ஒவ்வொரு கொலையும் ஏன் நிகழ்ந்தது, இறந்தவன் எக்கும்பலைச் சார்ந்தவன், யாருக்கும் யாருக்கும் பகை என்று வினவினர். விடைகளை நிலப்படத்திற் குறித்தனர்.

வெளிப்பட்ட உண்மை பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. நகரத்தில் ஏறத்தாழ 61 கும்பல்கள் இருந்தன. அவற்றைச் சார்ந்தோர் சுமார் 1,300 பேர். இத்தொகை நகரத்து இளைஞருள் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிற்கும் குறைவு. ஆயினும், இளைஞர் கொலைகளுள் நூற்றுக்கு அறுபதேனும் இச்சிலரைச் சார்ந்தே நிகழ்ந்தன. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே வகையினர். நீதிமன்றத்திற்கு முன்னரே பழக்கமானவர்கள். இன்று கொலையாளியாக நிற்பவன் நாளை பிணமாகக் கிடக்கக் கூடியவன்.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. கொலைகளுக்குக் காரணம் போதைப்பொருள் வாணிகம் என்றே யாவரும் எண்ணியிருந்தனர். ஆராய்ந்து பார்க்குங்கால், பெரும்பாலானவை பழைய பகையின் தொடர்ச்சியாக இருந்தன. ஒரு சொல், ஓர் இழிவு, ஒரு பெண்ணைப் பற்றிய சச்சரவு ஆகியவற்றில் தொடங்கிய பகை, கொலைக்குக் கொலை என்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதனுள் அச்சமும் கலந்திருந்தது. எதிரி துப்பாக்கி வைத்திருக்கின்றான் என்னும் அச்சத்தால் இவனும் வைத்துக்கொள்கின்றான். இவன் வைத்திருப்பதை அறிந்து அவன் முந்திக்கொள்ள நினைக்கின்றான். சுட விரும்பாதவனும் பின்வாங்கினால் கோழை எனப்படுவான். ஆகவே பின்வாங்க வழியின்றி நின்றோர் பலர்.

மூன்றாவதாக, துப்பாக்கிகளின் எண்களைக் கொண்டு அவற்றின் பிறப்பிடத்தைத் தேடினர். அவை யாவும் தொலைவிலுள்ள தென் மாநிலங்களிலிருந்து வருவன என்பது அதுவரை நிலவிய நம்பிக்கை. உண்மையிலோ, இளைஞரிடம் கைப்பற்றிய துப்பாக்கிகளுள் மூன்றிலொரு பங்கு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடைகளிலேயே முதலில் விற்கப்பட்டவை. பல புதியவை. அஃதாவது, யாரோ சட்டத்திற்கு மாறாக அவற்றை வாங்கி இளைஞர்க்கு விற்றுவந்தனர். அவ்வாறு விற்போரைத் தேடிப் பிடிப்பதும் ஒரு வேலையாயிற்று.

3. கூடியவர் யாவர்?

இவ்வுண்மைகளை அறிந்த பின்னர், செயலிலிறங்க வேண்டியவர் யார் என்னும் கேள்வி எழுந்தது. தனித்தனியே பணியாற்றியோர் பலர் ஏற்கெனவே இருந்தனர். அவர்களை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாவதாக, கறுப்பினப் போதகர்கள். 1992 மே மாதம் மாட்டப்பனிலுள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கொலையுண்ட இளைஞன் ஒருவனுக்கு இறுதி வழிபாடு நடந்துகொண்டிருந்தது. கும்பலொன்று உள்ளே புகுந்து, துக்கத்திற்கு வந்திருந்த மற்றோர் இளைஞனைக் கத்தியாற் குத்தியது. வழிபாட்டு இல்லத்தின் சுவர்களும் காவல் ஆகா என்பதைப் போதகர்கள் அன்று உணர்ந்தனர். இளைஞர் தம்மிடம் வருவர் என்று காத்திராமல், இளைஞர் நிற்குமிடத்திற்குத் தாமே செல்ல முடிவு செய்தனர். யூஜின் ரிவர்ஸ், ஜெப்ரி பிரவுன், ரே ஹாமண்ட் முதலியோர் முன்னின்று 'டென்பாயிண்ட் கூட்டணி' என்னும் அமைப்பை அவ்வாண்டே நிறுவினர். வெள்ளிக்கிழமை தோறும் இரவு பத்து மணி முதல் பின்னிரவு இரண்டு மணி வரை தெருக்களில் நடந்தனர். தொடக்கத்தில் இளைஞர் அவர்களைத் தொலைவில் நின்று பார்த்தனரேயன்றிப் பேசவில்லை. இவர்கள் செய்தித்தாளுக்காக வந்தவர்களா, விடாது வருபவர்களா என்று அளந்து பார்த்தனர். வாரந்தவறாது வருவதைக் கண்ட பின்னரே வாய் திறந்தனர்.

இரண்டாவதாக, நன்னடத்தை அலுவலர். சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையின் பேரில் வெளியே விடப்பட்ட இளைஞரைக் கண்காணிப்பது இவர்கள் வேலை. இரவில் வீட்டை விட்டு வெளியேறலாகாது என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. ஆயின், அலுவலரோ பகலில் அலுவலகத்தில் இருப்பவர். இரவில் யார் எங்குளர் என்பதை அறியார். 1992-ஆம் ஆண்டின் இறுதியில் டார்செஸ்டர் நீதிமன்றத்து அலுவலர் சிலர் போலீசாருடன் இரவில் வீடு வீடாகச் சென்று பார்க்கத் தொடங்கினர். தாய்மார் பலர் இவர்களை மகிழ்ந்து வரவேற்றனர். மகனைத் தாமே தடுக்க முடியாத தாய்க்கு, 'அதிகாரி வருவார், வெளியே போகாதே' என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது.

மூன்றாவதாக, நகராட்சியின் வீதித் தொண்டர்கள். இவர்கள் போலீசாரல்லர். கும்பல் இளைஞரோடு பழகி, வேலைக்கும் பள்ளிக்கும் வழிகாட்டி, சச்சரவு முற்றுமுன் இரு தரப்பாரோடும் பேசுபவர்கள். இவர்களோடு அரசு வழக்கறிஞர்கள், இளங்குற்றவாளிகள் நலத்துறை, பள்ளிக் காவலர், துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய இலாகா ஆகியோரும் இருந்தனர்.

இத்தனை பேரும் ஒரே நகரத்தில் ஒரே துன்பத்தோடு போராடினர். ஆயினும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. போதகர் போலீசாரைக் கொடியவர் என்றனர். போலீசார் வீதித் தொண்டரைக் குற்றவாளிகளின் தோழர் என்றனர். வீதித் தொண்டரோ, போலீசாரோடு பேசக் கண்டால் இளைஞர் தம்மை விட்டு நீங்குவர் என்று அஞ்சினர்.

இந்த ஐயம் எவ்வாறு தளர்ந்தது? ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 1994 மார்ச்சில் போதைப்பொருளைத் தேடிச் சென்ற ஆயுதப் போலீசார் தவறான வீட்டின் கதவை உடைத்து உட்புகுந்தனர். அங்கிருந்தவர் 75 வயதான ஓய்வு பெற்ற கறுப்பினப் போதகர். விலங்கிடப்பட்ட அம்முதியவர் மாரடைப்பால் உயிர் துறந்தார். நகரம் கொந்தளித்திருக்கும். ஆயின் போலீஸ் தலைவர் பால் எவன்ஸ் சாக்குப்போக்கு ஏதும் கூறாது, தவறு தம் துறையுடையது என்று ஒப்புக்கொண்டு உடனே மன்னிப்புக் கோரினார். போதகர்களும் துயரத்தைக் கலகமாக மாற்ற முனையவில்லை. தவறு செய்தால் வெளிப்படையாகக் கண்டிப்பது, நேர்மையாக நடந்தால் வெளிப்படையாகத் துணை நிற்பது என்னும் நிலையை அவர்கள் மேற்கொண்டனர். கூட்டுப்பணிக்கு அடித்தளம் இந்நிலையே என்று கருதுகின்றோம். கண்டிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து வாங்கும் நட்பு, மக்கள் முன் மதிப்புப் பெறாது.

4. செய்த முறை

இவர்கள் அனைவரும் சேர்ந்து அமைத்த திட்டத்திற்கு 'போர்நிறுத்தம்' என்பது பொருள்படும் பெயர் இடப்பட்டது. 1996 மே மாதம் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் முதற் கூட்டம் நடந்தது. கும்பல்களைச் சார்ந்த இளைஞர் அழைக்கப்பட்டனர். அவர்கள் எதிரே போலீசாரும், வழக்கறிஞரும், நன்னடத்தை அலுவலரும், வீதித் தொண்டரும், போதகரும் ஒருங்கே இருந்தனர். தனித்தனியே அறிந்திருந்த இவர்களை ஓரணியாக அவ்விளைஞர் கண்டது அதுவே முதன்முறை.

அங்கு கூறப்பட்டவற்றின் சாரம் மூன்று. முதலாவது: கொலை நின்றாக வேண்டும்; பேட்டை மக்களே இதனைக் கோருகின்றனர்; நீங்களும் எங்கள் பிள்ளைகளே. இரண்டாவது: வேலை, படிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றை நாடுவோர்க்கு இதோ உதவி, இவரிவரை அணுகலாம். மூன்றாவது: எக்கும்பலேனும் இனி ஒருவரைக் கொன்றால், அக்கும்பல் முழுவதன் மீதும் எல்லாத் துறைகளின் பார்வையும் ஒருசேர விழும்; கொலை செய்யாதிருப்பின் அவ்வாறு நேராது.

இவ்வெச்சரிக்கை வெறும் மிரட்டலன்று. கேளாத கும்பலொன்றின் மீது 1996 ஆகஸ்டில் நடவடிக்கை எடுக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். என்ன காரணத்தால் அவர்கள் கைதாயினர் என்பதைப் பிற கும்பல்களுக்கும் எடுத்துரைத்தனர். சொல்லும் செயலும் ஒன்றாயிருந்தமையால் அடுத்த கூட்டத்தின் சொல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று.

ஒருவன் செய்த கொலைக்குக் கும்பல் முழுவதையும் நெருக்குவது நீதியாகுமா என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வியே. ஒவ்வொருவன் மீதும் அவனவன் செய்த குற்றத்திற்கே வழக்குத் தொடரப்பட்டது. செய்யாத கொலைக்கு எவனும் தண்டிக்கப்படவில்லை. எனினும் மிஷன் ஹில்லில் நேர்ந்தது போன்ற கொடுமைக்கு இம்முறை நழுவிவிடும் அபாயம் உண்டு. அதனாலேயே போலீசாரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்கட் பிரதிநிதிகள் அவ்வணியில் இருத்தல் இன்றியமையாததாயிற்று. இங்கு மற்றொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். முன்பு பேட்டை முழுவதையும் ஐயுற்றனர். இப்போது பேர் தெரிந்த சிலரை அழைத்து, முன்கூட்டியே உண்மையை உரைத்தனர்.

இம்முறை ஏன் பலித்தது? பகையிற் சிக்கிய இளைஞருட் பலர் கொல்லவும் விரும்பவில்லை, சாகவும் விரும்பவில்லை என்பதை முன்னரே கண்டோம். மானம் கெடாமல் பின்வாங்க அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. 'ஒருவன் சுட்டால் எல்லோரும் அகப்படுவோம்' என்பது அவ்வழியைத் திறந்தது. தோழனைத் தடுப்பவன் கோழை என்று பெயர் பெறாமல், கூட்டத்தைக் காத்தவன் என்று பெயர் பெற்றான். எதிரியும் அதே எச்சரிக்கையைக் கேட்டிருக்கின்றான் என்று அறிந்தமையால் அச்சமும் தணிந்தது.

5. கண்ட பயன்

1991 முதல் 1995 வரை, 24 வயதும் அதற்குட்பட்டவருமாகக் கொலையுண்டோர் ஆண்டுக்குச் சராசரி 44 பேர். திட்டம் தொடங்கிய 1996-இல் 26 பேர். 1997-இல் 15 பேர். பின்னர் 2001-இல் வெளியான மதிப்பீட்டின்படி, மாதந்தோறும் நிகழ்ந்த இளைஞர் கொலைகள் நூற்றுக்கு 63 வீதம் குறைந்தன. 1999-இல் எல்லா வயதினருமாகக் கொலையுண்டோர் 31 பேர்; 1990-இன் 152-உடன் இதனை ஒப்பிட்டு நோக்குக.

ஆயினும் ஆராய்ச்சியாளர் யாவரும் ஒரே கருத்தினர் அல்லர். அக்காலத்தில் அமெரிக்காவின் வேறு பல நகரங்களிலும் கொலைகள் குறைந்தன; ஆகவே குறைவு முழுவதையும் இத்திட்டத்தின் கணக்கில் வைக்கலாகாது என்போர் உண்டு. அவர்கள் கூற்றிலும் நியாயமுண்டு. வாசகர் எண்களைக் கண்டு மயங்காமல், எதிர்வாதத்தையும் எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும். எனினும் பின்னர் நிகழ்ந்ததையும் அக்கணக்கில் சேர்த்தே ஆராய வேண்டும்.

6. கட்டு அவிழ்ந்தபோது

வெற்றி கண்ட இடத்திலேயே வீழ்ச்சியும் தொடங்கியது. கொலைகள் குறைந்ததும் அவசர உணர்வு மறைந்தது. திட்டத்தை நன்கறிந்த அதிகாரிகள் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டனர். புகழ் யாருக்குரியது என்பதில் பிணக்குகள் எழுந்தன. போதகர்களிடையேயும் ஒற்றுமை குலைந்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. சிறையினின்று பழையவர்கள் திரும்பினர். புதிய சிறுவர் வளர்ந்து கும்பல்களிற் சேர்ந்தனர். அவர்களோடு பேச ஒன்றுபட்ட அணி இல்லை. 2005-இல் கொலையுண்டோர் தொகை மீண்டும் எழுபதைக் கடந்தது.

எட்வர்ட் டேவிஸ் போலீஸ் தலைவராக வந்தபின், 2007-இல் திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. அதன் பின்னரும் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. 2024-ஆம் ஆண்டில் நகரம் முழுவதிலும் கொலையுண்டோர் 24 பேர். 1990-இல் இளைஞருள் மட்டும் இறந்தோர் இதனைப் போல் மும்மடங்கு என்பதை நினைவிற் கொள்க.

இடைப்பட்ட ஏழாண்டுகள் நமக்கு உணர்த்துவது யாது? அமைதி என்பது ஒரு முறை கட்டி முடித்துவிடும் கட்டடமன்று. நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டிய பயிர் போன்றது. பயிர் செழித்தது என்று எண்ணி மடையை அடைத்தவன் விளைச்சலை இழப்பான்.

7. வேறு இரு நகரங்கள்

இப்பணிக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்று கருதலாகாது. சிகாகோ நகரில் கேரி சுலுட்கின் என்னும் மருத்துவர் 2000-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் காலராவையும் காசத்தையும் எதிர்த்துப் பணியாற்றியவர் அவர். கொலையும் தொற்றுநோயைப் போல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதைக் கண்டார். ஆகவே, முன்பு கும்பல்களில் இருந்து திருந்தியவர்களையே தொண்டராக அமர்த்தி, சுடப்பட்டவனின் தோழரிடம் அன்றிரவே சென்று பழிவாங்காது தடுக்கச் செய்தார். போலீசாரோடு இணைந்து பணியாற்றாமல் விலகி நிற்பது இம்முறையின் இயல்பு. 2008-இல் வெளியான ஆய்வு, ஆராயப்பட்ட ஏழு பகுதிகளுள் சிலவற்றில் தெளிவான பயனையும், பிறவற்றில் ஐயத்திற்கிடமான பயனையும் கண்டது.

கலிபோர்னியா மாநிலத்து ரிச்மண்ட் நகராட்சி 2007-இல் அக்கம்பக்கப் பாதுகாப்புக்கென்றே ஓர் அலுவலகத்தை நிறுவியது. அதன் தலைவர் டிவோன் பாகன். சுடக்கூடும் என்று கருதப்பட்ட இளைஞர் சிலரைப் பெயர் சொல்லி அழைத்து, 2010 முதல் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் துணை நிற்கும் வழிகாட்டி ஒருவரை அமர்த்தியது. நன்னெறியில் நிலைத்தோர்க்கு மாதம் 1,000 டாலர் வரை சில மாதங்களுக்கு உதவித்தொகையும் அளித்தது. வெளியூர்ப் பயணம் செல்ல விரும்புபவன் எதிர்க் கும்பலைச் சார்ந்தவனோடுதான் செல்ல வேண்டும் என்பது ஒரு விதி. ஒரே அறையில் தங்கி ஒரே மேசையில் உண்ட பகைவர், ஒருவரையொருவர் மனிதராகக் கண்டனர். கொலையாளிக்குக் கூலியா என்று பலர் இகழ்ந்தனர். 2019-இல் வெளியான ஆய்வு, துப்பாக்கியால் நேர்ந்த சாவுகளும் மருத்துவமனை வருகைகளும் நூற்றுக்கு 55 வீதம் குறைந்ததாகக் கணித்தது. துப்பாக்கியல்லாத பிற வன்செயல்கள் ஓரளவு மிகுந்ததையும் அது மறைக்காது கூறியது.

இத்தகைய பணிகளுக்கு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக அமெரிக்க மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. ஆயின் 2025 ஏப்ரலில் நீதித்துறை பல மானியங்களை இடையிலேயே நிறுத்தியது. இவ்வகைப் பணிக்குரியவையும் அவற்றுள் அடங்கும். பாஸ்டன் 2000-ஆம் ஆண்டில் கண்டதை வேறு ஊர்கள் மீண்டும் காணாதிருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

8. பாடத்தின் சுருக்கம்

இவற்றால் நாம் அறிவன நான்கு.

ஒன்று: கொடுமை செய்வோர் எங்கும் சிலரே. அச்சிலரை அறியாதவன் பலரைத் துன்புறுத்துவான்.

இரண்டு: பகைக்கு அச்சமும் மானமும் காரணங்கள். அக்காரணங்களை நீக்காமல் ஆயுதத்தை மட்டும் பறித்தால் வேறோர் ஆயுதம் வரும். பகைவனுக்கும் மானத்தோடு பின்வாங்க ஒரு வழி விடுவதே அறிவுடைமை.

மூன்று: ஒரு கை தட்டினால் ஓசை எழாது. சட்டம் தனித்து நின்றால் கொடுங்கோன்மையாகும். இரக்கம் தனித்து நின்றால் வலுவற்றுப் போகும். இரண்டும் ஓரணியில் நின்று ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டும்.

நான்கு: கூட்டுப்பணிக்குப் பெரும் பகை புகழாசையும் சோர்வுமே. கொலை குறைந்த நாளில் கூட்டத்திற்கு வராமல் நிற்பவன், அது மீண்டும் பெருகும் நாளுக்குத் தானும் பொறுப்பாளி.

வெள்ளிக்கிழமை இரவுகளில் டார்செஸ்டர்த் தெருக்களில் நடந்தோர் பேராற்றல் படைத்தவர் அல்லர். தவறாது சென்றனர், அவ்வளவே. அதனால் உயிர் பிழைத்தோர் யாவர் என்பது அவர்க்கும் தெரியாது, பிழைத்தவர்க்கும் தெரியாது. தடுக்கப்பட்ட கொலைக்குப் பிணமுமில்லை, சாட்சியுமில்லை. பெயர் தெரியாத அவ்வுயிர்களைக் காக்கும் பொருட்டு வாரந்தோறும் நடக்க ஒருப்படுவோர் எவ்வூரில் உளரோ, அவ்வூரில் இப்பாடம் பயன்பட்டதாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பேட்டை முழுவதையும் ஐயுறுவதற்கும், சிலரை அழைத்து முன்னறிவிப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. 1994-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிக்குப் பின் போலீஸ் தலைவர் கோரிய மன்னிப்பு, பின்னைய கூட்டுப்பணிக்கு எவ்வாறு துணைபுரிந்தது?

3. சுட விரும்பாத இளைஞனும் சுடும்படி நேர்வது ஏன்? அவனுக்குத் திறக்கப்பட்ட வழி யாது?

4. சிகாகோ முறையும் பாஸ்டன் முறையும் போலீசார் தொடர்பில் எவ்வாறு மாறுபடுகின்றன? ஒவ்வொன்றின் நன்மை தீமைகளை ஆராய்க.

5. 2000-ஆம் ஆண்டில் பாஸ்டன் திட்டம் குலைந்தமைக்குக் காரணங்கள் யாவை? நாம் அறிந்த சங்கங்களில் அத்தகைய காரணங்கள் தலைகாட்டுவதுண்டா என்று கூடியிருந்து எண்ணிப் பார்க்க.